பிள்ளைப்பேற்றுக்குத் தரவரிசை இல்லை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குழந்தை பிறந்த சேதி கேட்டதும் “நார்மலா, சிசேரியனா?” என்று விசாரிப்பது தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளான செம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் வழக்கமான அக்கறையாகவே இருந்துவருகிறது. ஆனால் வலி தாங்கிப் பெற்றவளே முழுத்தாய் என்றும், அறுவைச் சிகிச்சையில் பெற்றவள் அவளுக்கு ஒரு படி கீழே என்றும் கருதும் எண்ணம் அந்தக் கேள்விக்கு அடியில் கிடப்பதைப் பெற்றவள் உடனே உணர்ந்துவிடுகிறாள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்த செம்பாக்கத்தின் ஒரே தெருவில், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டு குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போகிறவரும், சிக்கல் தெரிந்ததும் செங்கல்பட்டுக்கோ எழும்பூருக்கோ அனுப்பப்படுகிறவரும், காப்பீட்டின் துணையோடு வேளச்சேரி சாலையில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேருகிறவரும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுகிறவரும், கட்டட வேலைக்கு வந்த இடத்தில் மொழி தெரியாமல் பிரசவ அறைக்குள் நுழைகிற வடமாநிலப் பெண்ணும் இருக்கக்கூடும். இத்தனை வேறுபட்ட அனுபவங்களை ஒரே அளவுகோலால் அளக்க முற்படும் நம்பிக்கைகளே இங்கே பரிசீலிக்கப்படுகின்றன.

வயிற்றையும் கர்ப்பப்பையையும் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு நம்பிக்கைகள் நிலவுகின்றன. ஒன்று, அது முழுக்கத் தனியார் மருத்துவமனைகளின் பணத்தாசையால் நடப்பது என்பது. மற்றொன்று, அதுவே எப்போதும் பாதுகாப்பான வழி என்பது. 2019–21இல் நடந்த 5ஆவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்திய அளவில் மொத்தச் சராசரி 21.5 சதவீதம்தான். தனியாருக்கும் அரசுக்கும் இடையிலான இடைவெளி பெரிது என்பதில் ஐயமில்லை. என்றாலும் கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறுவைச் சிகிச்சையாக இருப்பதால், பணத்தாசை ஒன்றையே காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது. மறுபுறம், ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டி உயர்வதால் தாய், சிசு இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. தேவையானவருக்கு உயிர் காப்பதும், தேவையற்றவருக்கு ஒரு தழும்பையும் அடுத்த கர்ப்பத்துக்கான ஆபத்தையும் சேர்ப்பதும் அதே சிகிச்சைதான்.

தேவை எது என்பதில்தான் குழப்பம் மிகுதி. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக்கிடப்பது, குழந்தை குறுக்காகக் கிடப்பது, இதயத்துடிப்பு சரிந்து மீளாதிருப்பது ஆகியவை மறுக்க முடியாத காரணங்கள். ஆனால் இந்தப் பகுதியில் அடிக்கடி காதில் விழும் “கொடி சுத்தியிருக்கு” என்ற காரணம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஏறத்தாழ நான்கைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிய நிலையிலேயே பிறக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு கொடியின் இரத்தக்குழாய்கள் வழியாகவே வருகிறது, அந்தக் குழாய்களைக் கூழ் போன்ற ஒரு பொருள் உறைபோல் சூழ்ந்து காக்கிறது. ஆகவே கழுத்து நெரிபடும் என்ற அச்சம் பெரும்பாலும் பொருந்தாது. வலி நேரத்தில் இதயத்துடிப்பைக் கவனித்துவந்து, அது தடுமாறும்போதுதான் முடிவு எடுக்க வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் அந்த ஒரு வரியைப் படித்த இரவே குடும்பம் அறுவைச் சிகிச்சைக்கு மனம் மாறிவிடுவதும் உண்டு. அந்த வரிக்கு என்ன பொருள் என்று விளக்க அன்றைக்கு யாரும் கிடைக்காததே அதற்குக் காரணம்.

“டேட் தாண்டிப்போச்சு” என்பதும் அத்தகையதே. 40 வாரம் என்று குறித்துத்தரும் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 41 வாரம் நிறைந்த பிறகே செயற்கையாக வலி வரவழைக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வலி கண்டபின் கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கையும் அதே நிறுவனம் 2018இல் கைவிட்டது. தீவிரமான வலிக்கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், அங்கிருந்து முழு விரிவுக்குத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம்வரையும் அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம்வரையும் ஆகலாம் என்றும் அது கூறியது. தாயும் குழந்தையும் நலமாக இருக்கையில் மெதுவாக நகரும் பிரசவம் ஒரு நோயன்று.

நாள், நட்சத்திரம் பார்த்து அறுவைச் சிகிச்சைக்கு நேரம் குறிப்பது தென்சென்னைப் புறநகரில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றிக் காணப்படுகிறது. குழந்தையின் எதிர்காலம் நன்றாக அமைய வேண்டும் என்ற பெற்றோரின் ஏக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் 39 வாரம் நிறையுமுன் வலி காணாமலேயே எடுக்கப்படும் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலையும் கூடுதலாக நேர்கின்றன என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. நல்ல நேரம் 37ஆவது வாரத்தில் வாய்த்துவிட்டால், அதற்கான விலையைக் குழந்தையின் நுரையீரல் கொடுக்க நேரிடலாம்.

“முதல் குழந்தை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான்” என்ற நம்பிக்கை நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் 1916இல் கூறிய கூற்றின் எச்சம். அக்காலத்தில் கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் பிளந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். இன்று கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுவதே வழக்கம் என்பதால், பொருத்தமான தாய்மாரில் நான்கில் மூவர் அளவுக்கு அடுத்த குழந்தையை இயல்பாகவே பெற முடிகிறது. தழும்பு பிளக்கும் ஆபத்து ஏறத்தாழ 200இல் ஒன்று. அந்த ஒன்று நேர்ந்தால் உடனே அறுவை அரங்கு திறக்க வேண்டும், மயக்க மருத்துவரும் இரத்தமும் தயாராக இருக்க வேண்டும். எனவே சிறிய மருத்துவமனைகள் இதற்குத் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் “முடியாது” என்பதும் “இங்கே வசதியில்லை” என்பதும் வேறுவேறு விடைகள். இரண்டாவதைக் கேட்ட பெண்ணுக்கு வேறிடம் தேடும் வழியாவது திறந்திருக்கும்.

வலியைப் பற்றிய நம்பிக்கைகள் இன்னும் ஆழமானவை. அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களின் நடுவில் சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் உழைக்கும் வர்க்கப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து, 2003இல் நூலாக வெளியிட்டார். வலி கூடக்கூடப் பெண்ணின் சக்தி கூடுகிறது என்று பலர் கருதியதையும், வலியை முடுக்கும் ஆக்சிடோசின் மருந்தை அவர்களே விரும்பிக் கேட்டதையும், வலியைத் தணிக்கும் மருந்து அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாமல் இருந்ததையும் அவர் பதிவுசெய்தார். வலியைப் பெருமையாக ஏற்பது ஒரு பெண்ணின் உரிமை. ஆனால் வேறு வழி இருப்பதே தெரியாமல் ஏற்பதைத் தேர்வு என்று சொல்லிவிட முடியாது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய குழாய் செருகி இடுப்புக்குக் கீழே வலியை மரக்கச்செய்யும் எபிடியூரல் முறை, தள்ளும் கட்டத்தைச் சற்று நீட்டக்கூடுமே தவிர, சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

இதை ஒட்டியதே “முதுகுல போட்ட ஊசியாலதான் ஆயுசுக்கும் முதுகுவலி” என்ற குறை. இந்தக் குறையைச் சொல்லாத சிசேரியன் தாய் அரிது, வலியும் பொய்யன்று. ஆனால் அந்த ஊசி போட்டுக்கொண்டவரையும் போடாதவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு தரப்பாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. கர்ப்பகாலச் சுரப்புநீர்களால் மூட்டு நார்கள் தளர்வதும், வயிற்றுத் தசைகள் விரிந்து வலுவிழப்பதும், இரவெல்லாம் குனிந்தபடி பால் கொடுப்பதும், குடம் தூக்குவதும் இந்த வலிக்குக் காரணங்கள். பழியை ஊசியின் மேல் போட்டுவிட்டால், தசைகளைத் திரும்ப வலுப்படுத்தும் எளிய உடற்பயிற்சியைச் சொல்லித்தரவும் ஆளில்லாமல் போய்விடுகிறது.

பிரசவ அறைக்குள் உறவினர் வந்தால் தொற்று வரும், தொந்தரவு என்பது மருத்துவமனைகள் நெடுங்காலம் வளர்த்த நம்பிக்கை. வலி நேரம் முழுதும் தனக்கு வேண்டிய ஒருவர் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு வலி நேரம் குறைகிறது, இயல்பான பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது, அனுபவம் பற்றிய மனக்குறை குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் கூறுகின்றன. பிரசவத் துணை என்ற ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளில் முன்கூட்டியே அறிமுகம் செய்த மாநிலம் தமிழ்நாடு. 2004இலேயே இங்கே அது தொடங்கிவிட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தும், தனக்கு அந்த உரிமை உண்டு என்று அறியாமலே தாயையோ அக்காவையோ வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தனியே உள்ளே போகும் பெண்கள் இருப்பது வருந்தத்தக்கது.

மருத்துவமனையில் கேட்ட ஏச்சும் அவமதிப்பும் சிலரை எதிர்த்திசைக்குத் தள்ளியிருக்கின்றன. “பாட்டி காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள்” என்ற வாதத்தோடு 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்தபோது ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். 2024 நவம்பரில் தாம்பரத்துக்கு அருகே குன்றத்தூர் வட்டாரத்தில் வாட்ஸ்அப் குழு ஒன்றின் துணையோடு வீட்டில் நடந்த பிரசவம் காவல்துறை விசாரணைவரை போனது. பாட்டி காலத்தில் பிரசவத்தில் மடிந்தவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் உயிரோடு இல்லை என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போவதைப் பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு என்கிறார்கள். எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்திலும் முன்னறிவிப்பின்றி அது நேரலாம், சில மணி நேரத்தில் உயிரையும் பறிக்கலாம். குழந்தை பிறந்தவுடன் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி ஒன்றே அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. 2018–20இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54ஆகவும் இந்திய அளவில் 97ஆகவும் இருந்தது. 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கும் மாநிலம் அடைந்த நிலை இது. அதே சமயம், வீட்டைத் தேடிப்போன குடும்பங்களைப் பழிப்பதோடு நின்றுவிடுவதும் போதாது. பிரசவ அறையில் மரியாதையாகப் பேசுவது அந்த ஊசியைப் போலவே பிரசவப் பராமரிப்பின் ஒரு பகுதி. அது கிடைக்காத இடத்திலிருந்தே சிலர் விலகிப்போகிறார்கள்.

பத்தியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், பருப்பும் முட்டையும் தையலில் சீழ் பிடிக்கவைக்கும், சீம்பால் செரிக்காது என்பவை மூன்றும் தவறு. புண் ஆறப் புரதம் தேவை. பால் சுரக்கத் தண்ணீர் தேவை. பிரசவமானதும் சுரக்கும் மஞ்சள்நிறச் சீம்பால், நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த முதல் உணவு. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினர் இரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில், பாலூட்டும் முதல் 6 மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படும் பெண்ணுக்கு ரசமும் பூண்டுக்குழம்பும் மட்டும் போதா. பூண்டை விலக்க வேண்டியதில்லை. அதனோடு பருப்பையும் முட்டையையும் கீரையையும் சேர்த்தால் போதும். சிசேரியன் ஆனவருக்குப் பால் வராது என்பதும் பிழை. ஓரிரு நாள் தாமதமாகலாம், குழந்தையை அடிக்கடி மார்பில் சேர்க்கச் சேர்க்கச் சுரப்பு பெருகும்.

எல்லாவற்றையும்விட அதிகமான பெண்களை மௌனமாக வருத்தும் நம்பிக்கை, குழந்தையின் முகத்தைப் பார்த்த கணத்தில் தாய்ப்பாசம் தானே பொங்கிவிடும் என்பது. சிலருக்குப் பொங்குகிறது, சிலருக்கு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிறது, பெரும்பாலோருக்கு முதல் சில நாள்களில் காரணமில்லாத அழுகை வந்து தானே விலகுகிறது. இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வும் தூக்கமின்மையும் பயனற்றவள் என்ற உணர்வும் நீடிப்பது பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்னும் நோய். அது அன்பு இல்லாமையின் அடையாளமன்று. மாமியார் வீட்டாரிடம் காட்டும் பிணக்குமன்று. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, தாய்மாரில் 22 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில் 11 சதவீதத் தாய்மாருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டறியப்பட்டது. அதனோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் இருந்த உரசல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், வீட்டில் கைகொடுக்க ஆளின்மை. கடைசிக் காரணம், தனிக்குடித்தனங்கள் நிறைந்த புறநகர் அடுக்கக வாழ்க்கைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தக்கூடியது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லாமலில்லை. 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவீட்டில் பத்தே கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தனியார் மருத்துவமனைக்கோ வராத தாய் செம்பாக்கத்தில் அநேகமாக இல்லை. அன்று குழந்தையின் எடையைக் குறித்தபின் தாயிடமும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்கலாம். தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்ற பத்தாவது கேள்விக்கு உண்டு என்ற விடை வந்தால், அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். கட்டணமில்லாத 14416 என்ற டெலிமனாஸ் எண்ணிலும் 104 என்ற மாநில சுகாதார எண்ணிலும் எந்த நேரமும் ஆலோசனை கிடைக்கிறது. அவருக்காகக் கணவரோ அம்மாவோ அக்கம்பக்கத்தவரோ அழைத்தாலும் பேசுவார்கள்.