மாத்திரைக்குப் பூட்டு கொத்தவரை! சாவி யாரிடம்?



நாம் முழுங்குகிற மாத்திரை எங்கே கரைகிறது? பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும். காய்ச்சலுக்கு அது போதும். ஆனால் என் அப்புச்சி மாதிரி பெருங்குடலில் புண் இருப்பவர்களுக்கு? மருந்து அங்கேயே போய்ச் சேரணும். வழியில் இரைப்பை அமிலம், அப்புறம் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். அதுவரைக்கும் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டுமே, எப்படி?

பூட்டு: நம்ம ஊர்க் காய்கறிக் கடையில இருக்குதுங்க, கொத்தவரங்காய்! முற்றிய கொத்தவரை விதையில் இருந்து 'குவார் கோந்து' எடுக்கிறார்கள். இது மானோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் கோத்த சங்கிலி. தண்ணீர் பட்டால் கூழ் மாதிரி உப்பி மருந்தைச் சுற்றிக்கொள்ளும். இந்தச் சங்கிலியை வெட்டும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை.

சாவி: பெருங்குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றிடம் அந்த நொதி இருக்கிறது. அவை கோந்தைத் தின்னத் தின்ன, மருந்து வெளியே வரும்.

இது சும்மா கற்பனை இல்லை. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய்.எஸ்.ஆர். கிருஷ்ணய்யா குழுவினர் குவார் கோந்து மாத்திரையில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு வைத்து, நலமாக உள்ள தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். அது போகும் பாதையைக் காமா கேமராவில் பார்த்தார்கள். மேற்பரப்பில் இருந்தது கொஞ்சம் வழியில் கசிந்தது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தது. முடிவு 1998-இல் வெளியானது.

2001-இல் வெளியான அவர்களின் இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பூட்டுக்குள் வைத்த மருந்து அல்பெண்டசோல். நாம் பள்ளியில் மென்று தின்கிறோமே, அந்தக் குடற்புழு மாத்திரையில் உள்ள அதே மருந்துதான். எலிகளுக்கு மெட்ரோனிடசோல், டினிடசோல் என்ற கிருமிக்கொல்லிகளைக் கொடுத்துவிட்டு, அவற்றின் பெருங்குடலில் இருந்ததை எடுத்து, அதில் கோந்து மாத்திரையைப் போட்டுப் பார்த்தார்கள். மருந்து வெளிவருவது குறைந்துபோனது! சாவியே செத்துப்போனால் பூட்டை யார் திறப்பது?

இப்ப யோசிச்சுப் பாருங்க. வயித்தால போச்சுன்னா டாக்டரைப் பார்க்காம, "ரெண்டு மாத்திரை குடுங்கண்ணா"ன்னு மருந்துக் கடையில வாங்கிப் போட்டுக்கிறோம். கிருமிக்கொல்லி நோய்க்கிருமியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, நமக்கு உதவும் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுவோம். நாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். வீட்டிலும் சொல்லுங்க நண்பர்களே!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தொண்டாமுத்தூர்