டர்போவின் உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றலாமா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் இளைஞர்களில் சிலர் குர்லா, வடாலா பக்கம் லாரி பழுது பார்க்கும் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். தாராவியிலிருந்து வரும் ஒரு தம்பி சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, டர்போவைக் கழற்றி உள்ளே எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டால் காற்று தாராளமாகப் போகும், வண்டி நன்றாக இழுக்கும் என்கிறார்கள். செய்யலாமா?”

சொந்த லாரி வாங்கித் தவணை கட்டிவரும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆகவே விடையை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன். நான் ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன். லாரியின் டர்போ அளவில் சிறியதே தவிர, தத்துவம் ஒன்றுதான்.

டீசலுக்கு வேண்டிய காற்று

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 840 கிராம். அப்படியானால் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோ காற்று. கன அளவில் சொன்னால் பத்துக் கன மீட்டருக்கு மேல். அதாவது இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள ஓர் அறை நிறைய! இது குறைந்தபட்சக் கணக்கு. கரும்புகை வராமல் எரிய இதைவிட அதிகமே வேண்டும்.

எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடக்க வழி கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி. 1905-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1925-இல் ஒரு பத்து சிலிண்டர் டீசல் எஞ்சினின் திறனை 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500-க்கு உயர்த்திக் காட்டினார். அதே 1925 பிப்ரவரி 3 அன்றுதான் நம் நகரில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அது டர்பைன். மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போக வேண்டிய புகையின் ஆற்றல் இப்படிப் பயனாகிறது.

லாரி டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். 75 மில்லி மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 390 மீட்டருக்கு மேல் செல்கிறது. ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர்தான்!

காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுபோனால் வெப்பம் சுமார் 125 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரிந்துகொள்வதால் அடர்த்தி இரு மடங்காவதில்லை. ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதே காற்றை இன்டர்கூலரில் 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் ஏறக்குறைய 1.9 மடங்கு கிடைக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெருகேற்றினால் என்ன கிடைக்கும்?

டர்போவின் கூடுகள் வார்ப்பில் செய்தவை. கம்ப்ரஸர் கூடு அலுமினியம், டர்பைன் கூடு இரும்பு. வார்ப்பின் சொரசொரப்பு காற்றோட்டத்தைச் சற்றுத் தடுப்பது உண்மை. ஆனால் சுவரை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் மெதுவாகவே நகர்கிறது. சொரசொரப்பு அந்தப் படலத்துக்குள் மறையும் அளவுக்குக் குறைந்துவிட்டால், அதற்குமேல் கண்ணாடியாக்கினாலும் காற்றுக்கு வித்தியாசம் தெரியாது. நம் கண்ணுக்குத்தான் தெரியும்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. குழாய் கூட்டோடு சேரும் இடத்தில் ஒன்று மேடாகவும் ஒன்று பள்ளமாகவும் நிற்பது, கேஸ்கட் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது, வார்ப்பின் பிசிறு, கூர்மையான வளைவு ஆகியவை முதன்மையானவை. கேஸ்கட்டைச் சரியான அளவுக்கு வெட்டிப் போடுவது ஒரு நாள் முழுதும் எமரி தேய்ப்பதைவிட மேலான வேலை.

இன்னொன்றும் உண்டு. டீசல் எஞ்சினின் திறனை நிர்ணயிப்பது அதில் செலுத்தப்படும் எண்ணெயின் அளவு. காற்று மட்டும் கூடி எண்ணெய் கூடாவிட்டால் இழுவை கூடாது. மேலும் பெரும்பாலான டர்போக்களில் அழுத்தம் எல்லை மீறாமல் வேஸ்ட் கேட் என்ற கதவு திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும். நீங்கள் தேய்த்துச் சேர்த்த சிறு லாபத்தையும் அந்தக் கதவு வெளியே அனுப்பிவிடும். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளிலோ காற்றையும் எண்ணெயையும் கம்ப்யூட்டரே அளந்து கட்டுப்படுத்துகிறது.

தொடக் கூடாத இடங்கள்

முதலாவது, சக்கரங்கள். விளிம்புக்கு அருகே, மையத்திலிருந்து 30 மில்லி மீட்டர் தூரத்தில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு உலோகம் குறைந்துவிட்டது என்று கொள்வோம். ஒரு லட்சம் சுற்றில் அது தண்டை 33 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்கு ஆயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி வரும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் சிறு பேரிங் அதைத் தாங்காது.

இரண்டாவது, சக்கரத்தின் இறகுகளை ஒட்டியுள்ள கூட்டின் வளைவு. அங்கே இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் ஒரு பகுதிதான். அதைத் தேய்த்து அகலமாக்கினால் அழுத்திய காற்று பின்னோக்கிக் கசியும். மெருகேற்றிய பின் டர்போ முன்னைவிட மோசமாக வேலை செய்யும்.

மூன்றாவது, நத்தை வடிவக் கூட்டின் நாக்குப் பகுதி. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் புகை சக்கரத்தில் படவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

புறநகர்ப் பட்டறை ஒன்றில் மெருகேற்றிய ஒரு டர்போவை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வண்டி நெல்லைப் பக்கத்து அன்பர் ஒருவருடையது. கூடு பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் சரியாகக் கழுவாமல் விட்ட எமரித் தூள் எண்ணெய் வழியில் புகுந்து பேரிங்கைத் தின்றிருந்தது. தண்டு ஆடி, சக்கரம் கூட்டில் உரசி, இறகுகள் உடைந்துவிட்டன. வண்டி மூன்று வாரம் நின்றது. தவணை நிற்கவில்லை. அவ்வாண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் கடன் வாங்க நேர்ந்தது.

ரயில்வே செய்த வழி

1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினைப் பலர் அறிவீர்கள். பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத் திறன். பிற்காலத்தில் அதே பதினாறு சிலிண்டர் எஞ்சின் 3,100 குதிரைத் திறன் தந்தது. பழைய டர்போவைத் தேய்த்து அதைச் சாதிக்கவில்லை. திறன் மிகுந்த புது டர்போ, பெரிய குளிர்விப்பான், அதற்கேற்ற எண்ணெய்ப் பம்பு என எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள்.

பராமரிப்பில் எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்திய பின் டர்போ எவ்வளவு நேரம் தானாகச் சுழன்று நிற்கிறது என்று கடிகாரம் பார்ப்போம். சாதாரணமாக ஒன்றரை முதல் மூன்று நிமிடம். சீக்கிரம் நின்றால் பேரிங் பிடிக்கிறது அல்லது உரசுகிறது என்று பொருள். இந்தக் கணக்கு ரயில் எஞ்சினுக்குரியது. லாரியின் சிறு சக்கரம் விரைவிலேயே நின்றுவிடும். ஆயினும் கவனித்துப் பழகுவது நல்லது.

செலவில்லாத வழிகள்

1. ஏர் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். மும்பைத் தூசியில் அது விரைவில் அடைபடும்.

2. இன்டர்கூலர் குழாய்களில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கசிவை அடைத்து, கூலரின் வெளிப்புறச் சேற்றைக் கழுவினாலே மேலே சொன்ன ஒன்றரைக்கும் 1.9-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குக் கிடைக்கும்.

3. கம்ப்ரஸர் பக்கத்துப் பிசுக்கை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைக்கலாம். கம்பி பிரஷ் கூடாது.

4. கண்டாலா மலையேறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் அது கருகிப் பேரிங்கில் படியும்.

5. எஞ்சின் ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆக, தம்பிக்கு என் விடை: இணைப்புகளைச் சமமாக்குங்கள், பிசிறை எடுங்கள், நன்றாகக் கழுவுங்கள், அத்துடன் நிறுத்துங்கள். வாடிக்கையாளர் பளபளப்பு கேட்டால் காரணம் சொல்லி மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தொழிலின் ஒரு பகுதியே.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. ஒரு லாரி லிட்டருக்கு நான்கு கிலோ மீட்டர் ஓடுகிறது. செம்பூரிலிருந்து 140 கிலோ மீட்டர் பயணத்திற்குக் குறைந்தது எத்தனை கன மீட்டர் காற்று தேவை?

2. 60 மில்லி மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 1,20,000 சுற்று சுழன்றால் விளிம்பின் வேகம் என்ன? ஒலியைவிட அதிகமா?

விடைகளை அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.