தண்ணீர் குடிக்கும் மொறிஸ் மைனர்

கேள்வி: எங்கள் வீடு எழுவைதீவில். அப்பா காலத்து மொறிஸ் மைனர் 1000 கார் ஊர்காவற்றுறையில் மாமா வீட்டில் நிற்கிறது. படகால் இறங்கி யாழ்ப்பாணம் போய்வர எங்களுக்கு அதுதான். சில மாதங்களாக றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. பண்ணைப் பாலத்துக்கு வருமுன்பே கொதித்து ஆவி தள்ளுகிறது. காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் சற்று நேரம் ஒரு சிலிண்டர் வேலை செய்வதில்லை. வெள்ளைப் புகையும் வருகிறது. ஒரு கராஜில், ஹெட் கஸ்கெற் போய்விட்டது, எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் போடுங்கள் என்கிறார்கள். இன்னொருவர் றேடியேற்றருக்குள் மருந்து ஊற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், எழுவைதீவு

பதில்: இரண்டும் வேண்டாம். வாசகர் சொல்லும் அறிகுறிகள் ஹெட் கஸ்கெற்றைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் சோதிக்காமல் ஸ்பனரைத் தொடக்கூடாது. தண்ணீர்ப் பம்பின் அடித்துளையாலோ, புளொக்கில் துருப்பிடித்த வெல்ஷ் பிளக்காலோ கசியும் தண்ணீர் சூட்டில் அங்கேயே ஆவியாகிப் போனாலும் நிலத்தில் சொட்டு விழாது.

முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது விசிறிப் பட்டியைக் கழற்றி, தேர்மோஸ்ரற்றையும் எடுத்துவிட்டு, றேடியேற்றரை வாய்மட்டத்துக்கு நிரப்பி, மூடி இல்லாமலே ஸ்ரார்ட் பண்ண வேண்டும். பட்டி இல்லாததால் பம்ப் சுழலாது, தண்ணீர் அசையாமல் நிற்கும். உடனேயே குமிழிகள் விடாமல் எழுந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம்.

அடுத்தது கொம்பிரெஷன் மானி. எஞ்சின் சூடாக, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க அழுத்தியபடி ஸ்ரார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுத வேண்டும். கழற்றிய பிளக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்: தண்ணீர் இறங்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கரி இல்லாமல் கழுவி விட்டபடி வெளுத்திருக்கும். அளவு குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் பிஸ்ரன் வளையத்தில் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கெற். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் அநேகமாகக் கஸ்கெற்தான். இந்த எஞ்சினில் 2ஆம், 3ஆம் சிலிண்டர்களின் புகைவழி ஒன்றாக இருப்பதால் அந்த இடம்தான் அதிகம் சூடாகும். கஸ்கெற் முதலில் எரிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒரு படை கண்டாலே பலர் பயந்துவிடுகிறார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடி, சூடேறுமுன் நிறுத்தப்படும் காரில் ஈரம் படிந்தும் அது வரும். டிப்ஸ்ரிக்கில் வரும் ஒயிலே அந்த நிறமானால்தான் ஆபத்து. அப்படியானால் காரை ஓட்டவே கூடாது, பெயாரிங் போய்விடும்.

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் இதைவிடப் பெரிய சோதனையைக் கண்டவை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் மொறிஸ் மைனர்களும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. சிலிண்டருக்குள் கலவை ஒழுங்காக எரிந்து முடியுமுன் மீதி தானாக வெடித்துத் தட்டும். அந்தத் தட்டல் பிஸ்ரனையும் கஸ்கெற்றையும் அடித்துக்கொண்டே இருக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலையும் நீர்க்க வைக்கும். உதிரிப்பாகமும் கிடைக்காத அந்த ஆண்டுகளில் இவற்றை ஓடவைத்த கராஜ்காரர்களின் கைத்திறன் சாதாரணமானதல்ல. அதையே தாங்கிய எஞ்சினை ஒரு கஸ்கெற்றுக்காகத் தூக்கி எறிவது அநியாயம்.

இந்த எஞ்சின் வரிசை 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சிசியாக வந்தது. மைனர் 1000இல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி. இதே வரிசை மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியதால் கஸ்கெற் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. வாங்கும்போது எஞ்சின் இலக்கத்தைக் காட்டி வாங்க வேண்டும். துளையின் அளவு மாறினால் பொருந்தாது.

வேலையில் கவனம் வேண்டிய இடங்கள் சில. முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ரொக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகவே ரொக்கரை மட்டும் தனியே கழற்றப் போனால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு வளையும். எல்லா நட்டுகளையும் ஒழுங்குமுறையில் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். புஷ்றொட் எட்டையும் ஒரு மட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் குத்தி வைக்கலாம். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்குறூட்றைவரை அடித்து நெம்பக்கூடாது. முகப்பில் விழும் ஒரு கீறல் புதுக் கஸ்கெற்றையும் கெடுக்கும். பழைய கஸ்கெற் செம்பும் அஸ்பெஸ்ரஸும் சேர்ந்ததாக இருக்கலாம். அதை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், தூசியைச் சுவாசிக்கக்கூடாது.

கழற்றிய ஹெட்டின் மேல் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் தகட்டால் பார்த்து, வளைந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு லேத் பட்டறையில் முகம் எடுக்கலாம். வெடிப்பு உண்டா என்றும் அங்கேயே பார்க்கச் சொல்ல வேண்டும். கஸ்கெற்றில் மேற்பக்கமும் முன்பக்கமும் எவை என்று அச்சிட்டிருக்கும். நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று தரமாக, 40 இறாத்தல்-அடி வரை முறுக்க வேண்டும். ரொக்கரின் சின்ன நட்டுகளுக்கு 25 போதும். கைக்கணக்கு இங்கே சரிவராது, ரோர்க் ஸ்பனர் வேண்டும். வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவது என்று கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி சரிபார்ப்பது பழைய கராஜ் வழக்கம்.

இத்தனையும் செய்து பழைய தண்ணீரையே ஊற்றினால் வேலை வீண். தானாகப் போகும் கஸ்கெற் குறைவு, கொதித்துத்தான் போகும். தீவுப் பகுதியில் கொதிப்புக்கு முதற் காரணம் கிணற்றுத் தண்ணீர். எழுவைதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பல கிணறுகள் உவர். அந்த உப்பும் சுண்ணாம்பும் றேடியேற்றர்க் குழாய்களில் படிந்து அடைக்கும். துருவோடு சேர்ந்து சேறாகி எஞ்சினின் பின்பக்கத்தில், நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தேங்கும். ஹெட் வெளியே இருக்கும்போதே புளொக்கின் வடிகுழாயைக் கழற்றி, கம்பியால் குத்தி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். சேறு அடைத்து அந்தக் குழாயால் ஒரு சொட்டும் வராத கார்கள் ஏராளம். றேடியேற்றரைத் தலைகீழாகப் பிடித்து மறுதிசையில் கழுவலாம்.

றேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடுவதும் கடை மருந்து ஊற்றுவதும் வீதியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க உதவலாம். நாள்கணக்கில் ஓடினால், அரைவாசி அடைபட்ட குழாய்களை அவை முழுதாக அடைத்துவிடும். தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்து ஓட்டுவதும் மருந்தல்ல. வெப்ப நாடுகளுக்கென 74 பாகையில் திறப்பது உண்டு, அதைப் போடலாம்.

சுமார் 500 கிலோமீற்றர் ஓடியபின், எஞ்சின் ஆறிய நிலையில் ஒவ்வொரு நட்டாகச் சற்றுத் தளர்த்தி மறுபடி 40க்கு முறுக்கி, வால்வு இடைவெளியையும் திரும்பப் பார்க்க வேண்டும். மாரியில் துப்புரவான கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, துருத்தடுப்புக் கூலன்ற் கலந்து அதையே ஊற்றுங்கள். எஞ்சினைக் கழற்ற ஒப்புக்கொள்ளுமுன் நான்கு சிலிண்டர்களின் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துப் பதில் தருகிறோம்.