கருஞ்சீரகமும் புற்றுநோய்ச் செல்லின் மரபணுவும்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிற குடும்பங்கள் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்கின்றன. "கருஞ்சீரகம் புற்றுநோய்ச் செல்லின் மரபணுவையே மாற்றிவிடுகிறதாமே, அப்படியிருக்க கீமோ எதற்கு?" வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை விளங்கிக்கொண்டால்தான் மீதிப் பாதியின் ஆபத்து தெரியும். ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

நம் உடலின் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். ஆனாலும் கண்ணின் செல் கண்ணாகவும் கல்லீரலின் செல் கல்லீரலாகவும் இருக்கின்றன. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் உண்டு. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அரபியில் எழுத்து அப்படியே இருக்கும். மேலும் கீழும் இடுகிற ஹரகத் மாறினால் உச்சரிப்பு மாறிவிடும். மரபணு என்னும் எழுத்தின்மீது இடப்படும் அத்தகைய குறிகளில் ஒன்று மெத்தில் என்ற சிறு ரசாயனப் பொருள். அது வந்து ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகினால் அங்குள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது, தளர்ந்தால் படிக்கலாம்.

செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவல் மரபணுக்கள் நம்மிடம் உண்டு. பி16 அவற்றில் ஒன்று. பல புற்றுநோய்களில் இந்த மரபணு பழுதாகாமலே, மெத்தில் குறியால் வாய் மூடப்பட்டுக் கிடக்கிறது. மூடியதைத் திறக்கலாம் அல்லவா? அந்த வழியில் செயல்படும் அசாசைட்டிடின் என்ற மருந்துக்கு, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத ஒரு நோய்க்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

தாவரச் சத்துகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பச்சைத் தேயிலையிலும், பிராக்கோலியிலும், மஞ்சளிலும் உள்ள சில பொருட்கள் இந்தக் குறிகளை மாற்றுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். கருஞ்சீரகத்தில் இருப்பது தைமோகுயினோன். கண்ணாடித் தட்டில் வளர்த்த ரத்தப் புற்றுநோய்ச் செல்களில், காவல் மரபணுக்களை மூடிவைக்க உதவும் ஒரு புரதத்தை அது குறைத்தது. வாட்ஸ்அப் செய்தியின் வேர் இதுதான்.

ஆனால் தட்டில் இருக்கும் செல்லின்மீது மருந்தை நேராக ஊற்றுகிறார்கள். நாம் விழுங்குவதோ குடலையும் கல்லீரலையும் தாண்டியாக வேண்டும். மஞ்சளின் குர்க்குமினைக் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். தைமோகுயினோனை மனிதர்களிடமும் சோதித்தார்கள், அதுவும் சவூதி அரேபியாவில். முற்றிய புற்றுநோய் கொண்ட 21 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அந்த ஆய்வு 2009இல் வெளியானது. பெரிய பக்கவிளைவு இல்லை, நோயும் குறையவில்லை. இந்த இரண்டாவது செய்தியை ஏனோ யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

செடியிலிருந்து வந்ததால் தீங்கு செய்யாது என்ற எண்ணமும் தவறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைச் சிலருக்கு மாத்திரையாகப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் பொரியலுக்கும் அந்த மாத்திரைக்கும் உள்ள தூரம், கருஞ்சீரகம் தூவிய ரொட்டிக்கும் வேளைக்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய்க்கும் உண்டு.

கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழி புகாரியில் இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம், நம் வீடுகளில் பயன்படுத்துகிறோம். அதன் வாசகம் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சாரும் என்று இமாம் கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் முற்காலத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். சிகிச்சை தேடிக்கொள்ளும்படி வழிகாட்டியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஹதீஸை லேபிளில் அச்சடித்து, கீமோவை நிறுத்தச் சொல்லி எண்ணெய் விற்பவர்களுக்கு இவ்விரண்டும் தெரியாமலா இருக்கும்?

சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், அறுவையில் முடித்திருக்கக்கூடிய கட்டி பரவிவிடக்கூடும். கீமோ நடக்கும்போது அடர்த்தியான எண்ணெயோ காப்ஸ்யூலோ எடுப்பவர்கள் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். கருஞ்சீரகம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் புட்டியையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையை விட்டவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். அட்டை இல்லாதவர்களுக்கு மனு எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.