கையெழுத்துப் போடும் முன்

பதவியேற்ற முதல் வாரத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிடும். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." சொல்பவர் ஊராட்சிச் செயலராக இருக்கலாம், ஒப்பந்ததாரராக இருக்கலாம், வீட்டுக்காரராகவே இருக்கலாம். மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஊராட்சித் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பல காலமாகப் பேசிவருகிறேன். மிரட்டலுக்குப் பணிந்தவர்களைவிட, இந்த அன்பான பேச்சுக்கு இணங்கி அதிகாரத்தை விட்டுக்கொடுத்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-ல் 50 சதவீதமானது. அதன்பின் தலைவரான பலருக்கு, குடும்பத்தில் இதற்கு முன் பதவியில் இருந்தவர் என்று யாருமே இல்லை. தைரியம் வரட்டும், பிறகு பேசலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டாம். ஊர்க் கணக்கு கையில் இருந்தால் குரல் தானாக உயரும். கணக்குத் தெரியாமல் சபையில் எழுந்தால் எவ்வளவு துணிச்சல்காரருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே தீர்மானப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கூட்டம் நடந்த அன்றே, உறுப்பினர்கள் கலைவதற்குள் தீர்மானம் எழுதப்பட வேண்டும். "நாளைக்கு எழுதிக்கிறேன், கையெழுத்தை மட்டும் வாங்கிக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசித் தீர்மானத்துக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவே நாலு வரி காலியாக இருந்தால் குறுக்கே கோடு போடுங்கள். அந்த இடத்தில் பின்னால் யார் எந்தச் செலவை எழுதிச் சேர்த்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். படிக்கத் தடுமாறினால் கூட்டத்திலேயே ஒரு வார்டு உறுப்பினரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் உள்ள டிஜிட்டல் கையொப்ப டோங்கிளையும் அதன் பாஸ்வேர்டையும் அலுவலக மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். காசோலைப் புத்தகத்தைப் பூட்டிவைப்பதுபோல் அதையும் பூட்டிவைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தலைவரை ஊர் எடைபோடுவது குழாயடியில்தான். ஒரு விடியற்காலை, மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரோடு தெருத்தெருவாக நடங்கள். எத்தனை போர் ஓடுகிறது, எது வறண்டது, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்தத் தெருவுக்குக் கடைசியாகத் திறக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசித் தெரு பல ஊர்களில் பட்டியல் சாதியினர் வாழும் காலனியாகத்தான் இருக்கும். "அது மேடும்மா, தண்ணி ஏறாது" என்பார்கள். மேடுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். நான் அறிந்த ஒரு தலைவர், ஒருநாள் அந்த வால்வை முதலில் திறக்கச் சொன்னார். தண்ணீர் தாராளமாக ஏறியது. அவர் யாரையும் திட்டவில்லை. என்றைக்கு எந்தத் தெருவுக்கு முதல் தண்ணீர் என்று கிழமைவாரியாக எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார். முதல் சில நாள் ஏச்சும் பேச்சும் வந்தன. ஆனால் அதுவரை ஆளுக்கொரு பக்கமாக அதட்டு வாங்கிவந்த ஆபரேட்டருக்குச் சுவரைக் காட்டிப் பேச ஒரு பிடி கிடைத்தது. தனக்குக் கீழே வேலை செய்பவரின் பயத்தைத் தலைவர் இப்படித்தான் போக்க வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லிவருகிறேன்.

கிராம சபைக்குத்தான் பலர் அஞ்சுகிறார்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையை நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் கையெழுத்தால் மட்டும் நிரப்பாதீர்கள். கேள்வி கேட்பவர்கள் வரட்டும். வரவு செலவை நீங்களே படியுங்கள், ஒவ்வொரு வரியாக, நிதானமாக.

"மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு தொகையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். கோபப்படாதீர்கள். காயில் கட்டினோமா, புது பம்பு போட்டோமா, எந்தக் கடை பில் என்று சொல்லி, பில்லையும் கையில் கொடுங்கள். தெரியாத கேள்வி என்றால் "இப்போ எங்கிட்ட பதில் இல்லை, இந்தத் தேதிக்குள்ள சொல்றேன்" என்று சொல்லி அந்தத் தேதியைப் புத்தகத்தில் ஏற்றுங்கள், அந்தத் தேதி தவறாமல் சொல்லுங்கள். வீட்டுக்காரரைப் பதில் சொல்ல விடவே கூடாது. அவர் மேடையில் உட்கார்ந்தாலே ஊர் அவரைப் பார்த்துத்தான் பேசும். மக்களோடு கீழே உட்காரச் சொல்லுங்கள். உங்கள்மேல் உண்மையான அக்கறை இருந்தால் அவர் கேட்பார்.

சொந்தக்காரர்களுக்கு வேலை எடுத்துக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊராட்சி ஒப்பந்தத்தில் உங்களுக்கே பங்கிருந்தால் பதவி போகும். மச்சானுக்குக் கொடுத்தால் பதவி நிற்கலாம், கிராம சபையில் தலைநிமிர்ந்து கணக்குப் படிக்க முடியாது. அதுபோலவே வரி வசூலையும் உங்கள் வீட்டு ரசீதிலிருந்து தொடங்குங்கள்.

இவ்வளவு செய்தும் சிலருக்குச் சாதியைக் காரணமாக்கி வழி விடமாட்டார்கள். இதைப் பூசி மெழுகக் கூடாது. மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தனித்தொகுதி என்பதற்காகவே 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த விடவில்லை. 2020-லும் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. இத்தகைய ஊரில் "துணிந்து நில்லுங்கள்" என்று வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற பேச்சு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும், 2016-ல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி தனிக் குற்றம். அதைத் தெரிந்துகொள்ளுங்கள், தனியாக நிற்காதீர்கள்.

துணைத் தலைவர் பணப் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் தர மறுக்கிறார் என்றால், முதலில் அவர் வீட்டுக்கே பில்லோடு போய்க் காட்டுங்கள். பல சண்டைகள் "என்னைக் கேட்கவில்லை" என்ற மனத்தாங்கல்தான், அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு, அங்கே நடக்கவில்லை என்றால் ஆட்சியருக்கு. தேதி, இடம், யார் என்ன சொன்னார், கூட இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதிவையுங்கள். சாதி சொல்லி மிரட்டினால் காத்திருக்காமல் காவல்நிலையத்தில் புகார் கொடுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை வாங்கி, நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். பக்கத்து ஊராட்சித் தலைவர்கள் இரண்டு பேரிடமாவது நடப்பதை அவ்வப்போது சொல்லிவையுங்கள், ஆட்சியரைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.