நீரின் வழி அறிந்தோர்

வனத்துறை என்றவுடன் பலருடைய மனத்தில் ஓர் உருவம் தோன்றும். காக்கி உடை அணிந்து, கையில் கோல் ஏந்தி, மரம் வெட்டுவோரைத் துரத்திப் பிடிக்கும் காவலரின் உருவமே அது. அக்காவற்பணி இன்றியமையாததே, எனினும் அஃது அத்துறையின் ஒரு கூறேயாகும். மலையுச்சியில் விழும் மழைத்துளி ஓடையாகி, ஆறாகி, ஏரியில் தங்கி, கழிமுகத்தில் கடலோடு கலக்கும் வரையில் அதன் வழியை அறிந்து காப்பதும் அத்துறையினரின் பெரும்பணியாகும். காட்டைக் காப்போர் நீரைக் காப்போராகவும் விளங்குகின்றனர்.

ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழைநீர் அனைத்தும் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஓடி ஒரே வடிகாலைச் சென்றடையுமாயின், அப்பரப்பு முழுவதையும் நீர்வடிப்பகுதி என்பர். சிற்றூர்க் குளத்திற்கும் நீர்வடிப்பகுதி உண்டு. பரந்து ஓடும் காவிரிக்கும் உண்டு. மேட்டில் உள்ள மண்ணையும் மரத்தையும் புல்லையும் அழித்தால் பள்ளத்தில் உள்ள ஏரி தூர்ந்துவிடும். பள்ளத்தில் உள்ள வடிகாலை அடைத்தால் மேட்டில் உள்ள ஊர் வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே, நீர்வடிப்பகுதியில் வாழும் மக்கள் ஒருவரையொருவர் அறியாராயினும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டவர் ஆவர்.

சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ளது தரமணி. கல்லூரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் கணினி நிறுவனங்களும் அங்கு நிறைந்துள்ளன. அங்கே காடு இல்லை, மலையும் இல்லை. ஆயினும், அதற்குத் தெற்கே சிறிது தொலைவில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. சுற்றிலும் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இச்சதுப்பில் வந்து தங்கும். பின்னர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்துக்கு அருகில் கடலில் கலக்கும். மழைக்காலத்தில் பெருகிவரும் நீரை ஏந்திக்கொண்டு, சிறிது சிறிதாகக் கடலுக்கு அனுப்பும் பெருங்கலம் போன்றது இது. பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் இங்கு வந்து தங்குகின்றன.

இக்கலத்தின் பெரும்பகுதியை நகரம் விழுங்கிவிட்டது. சதுப்பின் மீது சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. ஒரு பகுதியில் நகரின் குப்பை மலைபோல் குவிக்கப்பட்டது. நீர் தங்கும் இடம் குறுகியபின் பெருமழை பெய்தால் அந்நீர் எங்குச் செல்லும்? 2015ஆம் ஆண்டு பெய்த மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை முதலிய பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. எஞ்சிய சதுப்பின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஈர நிலங்களைக் காக்கும்பொருட்டு 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணையும் இடம்பெற்றது. நகரின் நடுவே வனத்துறைக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு இச்சதுப்பே விடை கூறும்.

தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. கும்பகோணத்தில் 1925இல் பிறந்து, நாட்டின் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த வேளாண் அறிஞர் சுவாமிநாதன் 1987இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். அப்பரிசுப் பணத்தைக் கொண்டு 1988இல் அவர் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 2023இல் அவர் மறைந்த பின்னரும் அதன் பணிகள் தொடர்கின்றன. இந்நிறுவனத்தார் வனத்துறையினரோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து பிச்சாவரத்தில் செய்த பணி, காட்டையும் நீரையும் பற்றிய நல்ல பாடமாகும்.

பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு இடையே உள்ளது. அங்கு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு விளங்குகிறது. எண்ணற்ற கால்வாய்கள் அக்காட்டைச் சிறுசிறு தீவுகளாகப் பிரிக்கின்றன. கடல் ஓதத்தால் நீர் ஏறும்போது மரங்களின் அடிப்பகுதி முழுகும். ஓதம் இறங்கும்போது சேறு வெளிப்படும். உப்பு மிகுந்த அச்சேற்றில் ஏனைய மரங்கள் வாழமாட்டா. சுரபுன்னை மரம் கால்களை ஊன்றி நிற்பதுபோலத் தண்டிலிருந்து விழுதுகளை இறக்கிச் சேற்றில் உறுதியாக நிற்கும். வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே விரல்போன்ற வேர்களை நீட்டிக் காற்றை உட்கொள்ளும். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. இரால், நண்டு, மீன்குஞ்சு ஆகியவை இவ்வேர்களிடையே வளர்கின்றன. அவற்றைப் பிடித்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

இத்தகைய காட்டின் ஒரு பகுதி நாளடைவில் அழிந்து வெற்றிடமாயிற்று. மாடு மேய்த்தோரும் விறகு வெட்டினோருமே இதற்குக் காரணம் என்று முன்பு கருதப்பட்டது. மரங்களை மீண்டும் நட்டால் காடு தழைக்கும் என்று எளிதாக எண்ணத் தோன்றும். ஆனால், அவ்விடங்களில் மரக்கன்றுகள் பிழைக்கவில்லை. ஆராய்ச்சியாளர் அந்நிலத்தின் மேடு பள்ளத்தையும், ஓதநீர் ஏறி இறங்கும் உயரத்தையும், மண்ணின் உப்பையும் அளந்து பார்த்தனர். அப்பொழுது உண்மைக் காரணம் விளங்கிற்று.

ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970களின் தொடக்கம் வரையில், அக்காடு பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்டு, முறைவைத்து முற்றிலும் வெட்டப்பட்டு வந்தது. மரங்கள் நீங்கியவுடன் வெயில் நேராக மண்ணைச் சுட்டது. ஈரம் வற்றிய சேற்றுநிலம் தாழ்ந்து தட்டுப்போலக் குழிந்தது. ஓதம் ஏறும்போது உப்புநீர் அக்குழியில் புகுந்தது. இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கி நின்றது. தேங்கிய நீர் ஆவியாக மாற, உப்பு மட்டும் மண்ணிலே மிகுந்தது. உப்பில் வாழவல்ல மரங்களும் தாங்கமுடியாத அளவுக்கு உப்பு ஏறிற்று. வெட்டியோர் தீயநோக்கம் உடையவர் அல்லர். சட்டப்படி, திட்டமிட்டே வெட்டினர். மரத்தின் விலையை அவர்கள் அறிந்திருந்தனர். நீரின் வழியை அறிந்திலர். அக்குற்றமோ, அவ்விடத்து ஏழைகளின் மேல் ஏற்றப்பட்டது!

காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. 1990களில் அக்குழிந்த நிலங்களில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மீனின் முதுகெலும்பிலிருந்து முட்கள் கிளைப்பதுபோல, நடுவே ஒரு பெருவாய்க்காலும் இருபுறமும் சாய்வாகச் சிறுவாய்க்கால்களும் அமைக்கப்பட்டன. பெருவாய்க்கால் இயற்கைக் கால்வாயோடு இணைக்கப்பட்டது. ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கியதால் மண்ணின் உப்புக் குறைந்தது. வாய்க்காற் கரைகளில் நட்ட கன்றுகள் வேர்கொண்டன. ஊர்மக்கள் குழுக்களாக அமைந்து, திட்டம் வகுப்பதிலும் வாய்க்கால் வெட்டுவதிலும் கன்றுகளைக் காப்பதிலும் பங்குகொண்டனர். குற்றவாளிகள் எனக் கருதப்பட்டோரே காட்டின் காவலர் ஆயினர்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைத் தாக்கிற்று. கடலூர் மாவட்டக் கரையில் பின்னர் ஆய்வு செய்த அறிஞர்கள், காடும் மரங்களும் மறைத்து நின்ற இடங்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கண்டனர். அவ்வாய்வு 2005இல் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. எத்தகைய பேரலையையும் காடே தடுத்துவிடும் என்பது இதன் பொருள் அன்று. கரையிலிருந்து ஊர் உள்ள தொலைவும், நிலத்தின் உயரமும் பயன்தரும். எனினும், அலையின் வேகத்தைக் காடு தணிக்கும் என்பது தெளிவாயிற்று. பழந்தமிழர் அரண்களை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நால்வகையாகப் பகுத்தனர். பிச்சாவரத்தில் நீரரணும் காட்டரணும் ஒன்றாய் நிற்கின்றன.

கடற்கரையில் கற்ற இப்பாடம் மலையுச்சிக்கும் பொருந்தும். நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மழையற்ற காலத்திலும் ஓடைகளில் மெல்லக் கசியவிடுகின்றன. பவானிக்கு நீர் வழங்கும் மலைகள் இவை. புல்வெளியை வெறுநிலம் என்று தவறாகக் கருதி, அங்குச் சீகை மரத்தையும் யூகலிப்டசு மரத்தையும் நட்டனர். அம்மரங்கள் பரவியதால் இயற்கைப் புல்வெளி குறைந்தது. மரம் நடுதல் நற்செயலே. ஆனால், எம்மரத்தை எங்கு நடுவது என்பதை அறிந்து நடுதலே அறிவுடைய செயலாகும்.

மலைச்சரிவில் மண் அரிக்கப்படாமல் காக்கும் முறைகளை ஆராய்வதற்காக, 1954ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நீர்வடிப்பகுதியைச் சீர்செய்வோர் மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளம் நோக்கி வருவர். முதலில் உச்சிச் சரிவுகளில் புல்லும் மரமும் வளர்த்து, ஒரே உயரத்தில் செல்லும் அகழிகள் தோண்டுவர். அடுத்து ஓடைகளின் குறுக்கே கற்களால் சிறுதடுப்புகள் கட்டுவர். பின்னர் வயல்களில் வரப்புகளும் பண்ணைக்குட்டைகளும் அமைப்பர். ஓடும் நீரை நடக்கவைப்பதும், நடக்கும் நீரை நிற்கவைப்பதும், நிற்கும் நீரை நிலத்துள் இறங்கவைப்பதும் அவர்தம் நோக்கமாகும். பள்ளத்தில் அணையை மட்டும் கட்டி மேட்டை மறந்தால், சில ஆண்டுகளில் அணை வண்டலால் நிரம்பிவிடும்.

இப்பணிகளுக்கு ஆட்களைப் பயிற்றும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. ஹியூ கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் 1856இல் சென்னை மாகாணத்தின் வனப்பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். 1864இல் செருமானியரான டீட்ரிக் பிராண்டிசு இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியானார். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி எழுந்தது. 1912இல் கோயம்புத்தூரில் வனக்கல்லூரி தோன்றிற்று. அக்காலத்தில் இருப்புப்பாதைக்கும் கப்பலுக்கும் வேண்டிய மரங்களைத் தருவதே காட்டின் முதற்பயனாக எண்ணப்பட்டது. இன்றோ நீரும் மண்ணும் உயிரினங்களும் முதலிடம் பெற்றுள்ளன.

1966ஆம் ஆண்டில் இந்திய வனப்பணி அமைக்கப்பட்டது. மத்தியத் தேர்வாணையம் இதற்குத் தேர்வு நடத்துகிறது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், வேளாண்மை, வனவியல், பொறியியல் முதலியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றோர் அத்தேர்வை எழுதலாம். எழுத்துத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது. ஆடவர் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்டிர் அதே நேரத்தில் 14 கிலோமீட்டரும் நடந்து காட்டுதல் வேண்டும். தேர்வு பெற்றோர் டேராடூனில் பயிற்சி பெறுவர். 1980ஆம் ஆண்டு முதல் இப்பணியில் பெண்டிரும் சேர்ந்து சிறப்புற்று வருகின்றனர்.

மாநில வனத்துறையில் வனக்காப்பாளர், வனவர், வனச்சரக அலுவலர், உதவி வனப்பாதுகாவலர் எனப் பல நிலைகளில் பணிகள் உண்டு. வனவியலைப் பட்டப்படிப்பாகக் கற்க விரும்புவோர்க்கு மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி உள்ளது. வேளாண் பொறியியல் கற்றோர் மண்வளப் பாதுகாப்பிலும் நீர்வடிப்பகுதி மேம்பாட்டிலும் ஈடுபடுகின்றனர். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டின் பரப்பை அளப்போரும், உப்பையும் வண்டலையும் ஆராய்வோரும், ஊர்மக்களோடு கலந்து பேசிக் குழுக்களை அமைப்போரும் இன்று தேவைப்படுகின்றனர். பிச்சாவரத்தின் வாய்க்கால்கள் ஒருவர் அறிவால் உருவானவை அல்ல. அளந்தோர், ஆராய்ந்தோர், தோண்டியோர், காத்தோர் ஆகிய அனைவரும் கூடியே அக்காட்டை மீட்டனர்.

இப்பணி எளிதன்று. வனக்காப்பாளர் தனிமையையும் மழையையும் வனவிலங்குகளையும் எதிர்கொண்டு நடக்கவேண்டும். கோடையில் காட்டுத்தீ பரவினால் இரவென்றும் பகலென்றும் பாராமல் அணைக்கவேண்டும். பொருள்வலிமை உடையோர் சதுப்பைத் தூர்க்க முனையும்போது சட்டத்தைக் கையிலேந்தி நிற்கவேண்டும். வேலையின் பயனும் உடனே கண்ணுக்குப் புலப்படாது. இன்று மலையில் நட்ட கன்று நிழல்தரப் பல்லாண்டு செல்லும். இன்று காத்த சதுப்பு அடுத்த பெருமழையில்தான் தன் பயனைக் காட்டும். வெள்ளம் வராத தெருவில் உறங்குவோர், அவ்வெள்ளம் வராமல் காத்தவர் யார் என்று வினவுவதில்லை.

ஆதலின், இத்துறையில் புக விரும்பும் மாணவர் மூன்று பண்புகளை இளமையிலேயே பழகுதல் நன்று. முதலாவது, கூர்ந்து நோக்குதல். மழை பெய்யும் நாளில் தம் தெருவின் நீர் எத்திசை செல்கிறது, எங்குத் தேங்குகிறது, எவ்வேரியை அடைகிறது என்று கண்டறிந்து குறித்துவைத்தல் இதற்கு நல்ல தொடக்கமாகும். இரண்டாவது, காரணம் தெரியுமுன் எவர்மேலும் பழி சுமத்தாமை. மூன்றாவது, பயன் தாமதித்து வரினும் தளராமை. இம்மூன்றும் உடையவர் மலையிலும், கழிமுகத்திலும், மாடங்கள் நிறைந்த தரமணியின் அண்டையிலும் நாட்டுக்கு நற்பணி ஆற்றுவர் என்பது உறுதி.