முதுகைச் சொடுக்கும் கைக்குப் படிப்பு வேண்டும்

இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் எங்கே போகிறீர்கள்? தோட்டத்து மருந்தகத்துக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். முதலில் வீட்டில் தைலம். அப்புறம் சுளுக்கு வழிப்பவர். காலால் பிறந்த பிள்ளை யாராவது லயத்தில் இருந்தால், அவனைக் கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொல்வது. அதற்கும் அடங்காவிட்டால் டவுனில் முடிவெட்டும் கடையிலோ, உடம்புபிடி கடையிலோ போய் உட்கார்ந்து, 'மடக்' என்று ஒரு சொடுக்கு. இத்தனையும் முடிந்து, வலி தொடையைத் தாண்டிக் காலுக்கு இறங்கிய பிறகுதான், "டிரெசர் ஐயா, ஊசி ஒண்ணு போடுங்க" என்று வருகிறீர்கள்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நம் தொழில் அப்படி. இந்த நாட்டில் வியாபார முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் குலையை வெட்டுவதும் தூக்குவதும் பெரும்பாலும் மனிதன் கையால்தான். முதிர்ந்த மரத்துக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். வெட்டுகிறவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளைத் தூக்கிப் பிடித்து, நாள் முழுதும் அண்ணாந்து பார்க்கிறார். அவருக்குக் கழுத்து போகிறது. உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் குனிந்தது குனிந்தபடி. அவர்களுக்கு இடுப்பு போகிறது. மருந்தடிக்கும் தோழருக்கு 16 லிட்டர் பம்பு என்றால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அந்தச் சுமையோடு கான் தாண்டுகிறார். வலி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அதனால், முதுகைத் தொட்டு வைத்தியம் செய்கிறவர் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. முதுகெலும்பைக் கையால் அசைத்தும் சொடுக்கியும் செய்கிற சிகிச்சை உண்மையாகவே இருக்கிறது. அதற்கென்று கல்லூரிகளும் இருக்கின்றன. சொடுக்குகிற கை எங்கே, எத்தனை காலம் பயின்றது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'மடக்' என்று கேட்டதும், "எலும்பு விலகிப் போயிருந்துச்சு, எடத்துல உக்கார வச்சுட்டேன்" என்பார்கள். அது சரியல்ல. மூட்டுக்குள் எண்ணெய் போல ஒரு நீர் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுத்தால் அந்த நீரில் வாயு நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. சத்தம் அப்போது வருவது. 2015இல் கனடாவில் ஒருவர் விரலில் நெட்டி முறிக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து இதைக் கண்டார்கள். விரலில் நடப்பதுதான் முதுகிலும் நடக்கிறது என்று கருதுகிறார்கள். சத்தம் வந்ததால் நோய் போயிற்று என்றோ, வராததால் வைத்தியம் பலிக்கவில்லை என்றோ அர்த்தமில்லை. சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி திருகுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, படித்தவர்கள் இதை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் ஜெஃப்ரி மைட்லண்ட் என்று ஒரு பிசியோதெரபி ஆசிரியர் இருந்தார். முதுகெலும்பைக் கையால் சீராக்கும் முறை பற்றி 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். கையின் அசைவை அவர் படி படியாகப் பிரித்தார். முதல் நான்கு படிகளும் மெதுவானவை. மூட்டைப் பிடித்து, தாலாட்டுவதுபோல முன்னும் பின்னும் அசைப்பது. சிறிது அசைவு, பெரிய அசைவு, மூட்டு போகும் எல்லைவரை அசைவு என்று வித்தியாசம் உண்டு. ஐந்தாவது படி வேறு ஜாதி: எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சின்னதாக, மிக வேகமாக ஒரு தள்ளு. நாம் சொடுக்கு என்பது இதைத்தான்.

இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். மெதுவாக அசைக்கும்போது வலித்தால் "ஐயோ, வேணாம், விடுங்க" என்று சொல்லலாம், அவர் நிறுத்துவார். சொடுக்கில் அதற்கு நேரமே இல்லை. நீங்கள் வாயைத் திறக்குமுன் முடிந்துவிடும். நிறுத்தும் உரிமை நோயாளியின் கையில் இல்லாத சிகிச்சை என்பதால்தான், செய்கிறவருக்கு இவ்வளவு படிப்பு கேட்கிறார்கள். சொடுக்குவதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறேன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தப் படிப்பில் ஒரு பாடம்.

எவ்வளவு படிப்பு? உலக சுகாதார நிறுவனம் 2005இல் கைரோபிராக்டிக் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. புதிதாகச் சேரும் மாணவருக்கு 4 ஆண்டு, 4,200 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு. அதில் ஆசிரியர் கண்பார்வையில் நோயாளியைக் கவனிப்பது குறைந்தது 1,000 மணி நேரம் என்று அது சொல்கிறது. பிசியோதெரபிக்காரர்களுக்கு 1974இல் தொடங்கிய ஓர் உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. ஏற்கனவே பிசியோ பட்டம் பெற்றவர் கைச் சிகிச்சையில் சிறப்புத் தேர்ச்சி பெற, அவர்களும் ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த, 150 மணி நேரமாவது நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆகவே, பிசியோ படித்த எல்லாருமே கழுத்தைச் சொடுக்கத் தேர்ந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது மேற்படிப்பு. நல்ல பிசியோ தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மெதுவான அசைவோடும் பயிற்சிகளோடும் நிறுத்திக்கொள்வார்.

மாணவர்கள் முதலில் ஒருவர் முதுகை ஒருவர் தொட்டுப் பழகுகிறார்கள். எந்த முள்ளெலும்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ண வேண்டும். கழுத்தில் 7, மார்புப் பின்புறத்தில் 12, இடுப்பில் 5. சில கல்லூரிகளில் கையின் அழுத்தத்தை அளந்து காட்டும் மேசையும் பொம்மையும் இருக்கின்றன. எவ்வளவு பலம், எவ்வளவு வேகம் என்று மாணவன் தன் கையைத் தானே கண்டுகொள்கிறான். பலமாகச் செய்வதற்கல்ல, குறைந்த பலத்தில் செய்வதற்கே அந்தப் பழக்கம். நம் ஊரில் "கை நல்ல பலம்" என்று ஒருவரைப் புகழ்கிறோமே, அங்கே அது குறை!

ஆனாலும் பாடத்தின் பெரும்பகுதி கையைப் பற்றியது அல்ல, கேள்வியைப் பற்றியது. யாரைத் தொடக் கூடாது என்று கண்டுபிடிப்பது. சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, ராத்திரியில் படுத்தாலும் அடங்காத முதுகுவலி என்றால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். மாத்திரையால் குணமாகும் நோய். ஆனால் அரித்துப்போன எலும்பைத் திருகினால் நொறுங்கி, தண்டுவடத்தை அழுத்திக் கால் விழுந்துவிடும். மாதவிலக்கு நின்ற பாட்டிமார்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். லேசாகத் தடுக்கி விழுந்திருந்தாலும் முதுகெலும்பில் முறிவு இருக்கக்கூடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், லாரியிலிருந்து விழுந்தவர், இவர்களையெல்லாம் சொடுக்கக் கூடாது. சுளுக்கு வழிப்பவர் இதில் ஒன்றையாவது உங்களிடம் கேட்டிருக்கிறாரா?

இன்னொன்று அவசரமானது. இடுப்புவலியோடு சிறுநீர் வர மறுக்கிறது, அல்லது தெரியாமலே போய்விடுகிறது. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போகிறது. இரண்டு காலும் தளர்கின்றன. தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றையை டிஸ்க் நசுக்குகிறது என்பதற்கு இவை அடையாளம். அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் இருக்க வேண்டும். சபாக் பெர்ணம் பக்கத்தார் தெங்கு அம்புவான் ஜெமாஹா மருத்துவமனைக்கும், தெற்கே உள்ளவர்கள் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் உடனே போங்கள். அங்கிருந்து அறுவைக்கு அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் காலும் சிறுநீரும் திரும்பாமலே போகலாம்.

கழுத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்து முள்ளெலும்புகளின் இருபுறமும் துளைகள் உண்டு. அவற்றின் வழியே இரண்டு இரத்தக் குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. உச்சியில், மண்டையோட்டுக்குக் கீழே, அவை வளைந்து திரும்புகின்றன. தலையைத் திருப்பும்போது பாதித் திருப்பம் நடப்பதும் அந்த இடத்தில்தான். சட்டென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். இரத்தம் கட்டி, மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அபூர்வம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிக்கல் என்னவென்றால், குழாய் தானாகவே கிழியத் தொடங்கினாலும் முதலில் தெரிவது கழுத்துவலியும் பின்மண்டை வலியும்தான். அந்த ஆள்தான் "கழுத்தைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்று வருகிறார். தலைசுற்றல், இரண்டிரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, முகம் மரத்தல், நின்றபடி விழுதல் இவற்றைப் படித்தவர் கேட்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார். பிசியோ கூட்டமைப்பு 2012இல் இதற்கென்றே ஒரு பரிசோதனை வழிமுறை வெளியிட்டு, 2020இல் திருத்தியும் இருக்கிறது.

முடிவெட்டும் கடைச் சொடுக்கில் இதெல்லாம் ஏது? 2017இல் டில்லிப் பக்கம் ஒருவர் கடையில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டார். கழுத்திலிருந்து உதரவிதானத்துக்கு இறங்கும் மூச்சு நரம்புகள் பழுதாகி, சுவாச இயந்திரத்தின் துணையில் அவரை வைக்க வேண்டியதாயிற்று. அண்ணன் கடை, நம்ம ஆளு, காசு வாங்கமாட்டார் என்பதற்காகக் கழுத்தைக் கொடுக்காதீர்கள். "முடியை மட்டும் வெட்டுங்க அண்ணே" என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நானும் இதைச் செய்வதில்லை. தோட்ட மருத்துவ உதவியாளருக்குக் காயம் கட்டவும், காய்ச்சலைப் பார்க்கவும், யாரை மேலே அனுப்புவது என்று தீர்மானிக்கவும்தான் பயிற்சி. "உங்க கை ராசியான கை, ஒரு இழு இழுங்க" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2016இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 774ஆம் சட்டத்தின்கீழ் பிசியோதெரபிக்காரர்கள் மஜ்லிஸ் புரொபேசியன் கெசிஹாத்தான் பெர்செக்குத்துவில் பதிந்துகொள்ள வேண்டும். 775ஆம் சட்டம் பாரம்பரிய வைத்தியத்துக்கானது. சித்தா, ஆயுர்வேதம் அடங்கிய இந்திய மருத்துவம், மலாய் மருத்துவம், சீன மருத்துவம் ஆகியவற்றோடு கைரோபிராக்டிக்கும் ஆஸ்டியோபதியும் அதில் வருகின்றன. கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தில் (முன்பு அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம்) 2010 முதல் கைரோபிராக்டிக் பட்டப் படிப்பே நடக்கிறது. ஆகவே "எங்கே படிச்சீங்க, பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உண்மையாகப் படித்தவர் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருப்பார். வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாங்கிய தாளையும் சிலர் மாட்டுகிறார்கள். தாளைப் பார்க்காமல் பதிவு எண்ணைப் பாருங்கள்.

சாதாரண இடுப்புவலிக்குப் பெரும்பாலும் சொடுக்கே தேவையில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குறைகிறது. தேர்ந்தவர் கையால் சொடுக்கினாலும் கிடைக்கும் சுகம், ஒழுங்கான உடற்பயிற்சியால் கிடைப்பதைவிடப் பெரிதல்ல. நாள்பட்ட இடுப்புவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், பயிற்சி, விளக்கிச் சொல்லுதல் இவற்றோடு கைச் சிகிச்சையையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், கட்டி இழுக்கும் 'டிராக்ஷன்' முறையையும் வேண்டாம் என்கிறது. பெல்ட்டுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு இது கசக்கும். படுத்தே கிடக்கவும் வேண்டாம். வலி பொறுக்கிற அளவுக்கு நடங்கள்.

கடைசியாகச் சொக்சோ விஷயம். குலை தூக்கும்போது முதுகு 'சடக்' என்றால், அன்றைக்கே தண்டலிடம் சொல்லுங்கள், மருந்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வேலையிட விபத்தை முதலாளி தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவர் விடுப்பு எழுதினால்தான் தற்காலிக இயலாமைப் படி கிடைக்கும். அது சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு. சுளுக்கு வழிப்பவர் விடுப்புச் சீட்டு எழுத முடியாது. அவரிடம் பத்து நாள் போய்விட்டு வந்தால், விபத்து வேலையிடத்தில்தான் நடந்தது என்று காட்டுவதற்கு உங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இருக்காது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலைவிபத்துக் காப்பு உண்டு. பக்கத்து வரிசையில் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பதிய மறுத்தால் தோட்டத்துச் சங்கக் கிளைச் செயலாளரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

மருந்தகத்துக்கு வரும்போது, வலி எப்போது, எதைத் தூக்கும்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இடையில் யாரிடமாவது சொடுக்கிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிசியோவுக்கு அனுப்பும் கடிதத்தில் முதலில் எழுத வேண்டியவை இவையே.